அடைப்பு நீங்கிய காலில் வீக்கம் ஏன்?

கேள்வி: குடியாத்தத்தில் கைத்தறியில் லுங்கி நெய்யும் என் அப்பாவுக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு. பீடிப் பழக்கமும் உண்டு. இடது கால் கட்டைவிரல் கறுத்துப்போய், இரவெல்லாம் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏழு வாரங்களுக்கு முன் வேலூரில், அதே காலின் ரத்தக்குழாயை எடுத்து, தொடை இடுக்கிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பைபாஸ் செய்து, கறுத்த விரலையும் அகற்றினார்கள். வலி போய்விட்டது, புண்ணும் ஆறி வருகிறது. ஆனால் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கால் முழங்கால் வரை வீங்குகிறது. காலையில் குறைவு, மாலையில் அதிகம். ஒரு மாதப் பரிசோதனையில், கணுக்கால் அழுத்த விகிதம் 0.35 ஆக இருந்தது இப்போது 0.9 ஆகியிருக்கிறது, ரத்தம் நன்றாக ஓடுகிறது என்றார்கள். அக்கம்பக்கத்தினர் யானைக்கால் என்கிறார்கள். மருந்துக்கடையில் நீர் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் போட்டதில் தலைசுற்றல்தான் வந்தது. அத்தை தன் வெரிகோஸ் ஸ்டாக்கிங்ஸைக் கொடுத்திருக்கிறார், போடலாமா? அப்பா எப்போது தறியில் உட்காரலாம்? வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். — மகள், குடியாத்தம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்டாக்கிங்ஸை இப்போதைக்கு அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீர் மாத்திரையை அப்பாவின் மருத்துவர் சொல்லாமல் இனிப் போடவேண்டாம். இவ்விரண்டையும் முதலில் சொல்லிவிட்டு, மற்றவற்றை விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் கவனமாக எழுதியிருக்கும் சில விவரங்கள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. இரவு வலி நின்றிருக்கிறது, புண் ஆறுகிறது, வீக்கம் நடக்கத் தொடங்கியபோது வந்து, காலையில் வடிந்து மாலையில் ஏறுகிறது, கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதமும் உயர்ந்திருக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, அறுவை சிகிச்சை தோற்றதால் வந்த வீக்கமாக இது தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே வரை செல்லும் பைபாஸ் செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கால் ஓரளவாவது வீங்குகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதங்களில் வடிந்துவிடும். சிலருக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். இதை அறுவைக்கு முன்பே குடும்பத்தாரிடம் சொல்லி வைப்பது மருத்துவர்களாகிய எங்கள் கடமை. சொல்லாமல் விட்டால், வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு மாலையும் அந்தக் காலைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பார்கள்.

ஏன் வீங்குகிறது என்பது புரிந்தால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கும். நாம் எழுந்து நிற்கும்போது, காலில் உள்ள நுண்ணிய தமனிகள் தாமாகச் சுருங்கி, பாதத்துக்குள் பாயும் ரத்தத்தின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. மாதக்கணக்கில் ரத்தமின்றித் தவித்த காலில் அந்தக் குழாய்கள், கிடைக்கும் சிறிதளவு ரத்தத்தையும் விடாமல் வாங்கிக்கொள்வதற்காக எப்போதும் விரிந்தே இருந்து, சுருங்கும் பழக்கத்தையே இழந்துவிடுகின்றன. பல ஆண்டுகள் வறண்டு கிடந்த ஏரியின் மதகு திறந்த நிலையிலேயே துருப்பிடித்துப்போன பின், வரத்துக் கால்வாயில் ஒரேயடியாகத் தண்ணீர் வந்தால் வயல் என்ன ஆகுமோ, அதுவே பைபாஸுக்குப் பிறகு பாதத்தில் நடக்கிறது: முழு அழுத்தத்தோடு வரும் ரத்தத்திலிருந்து நீர், தந்துகிகள் எனும் மயிரிழைக் குழாய்களின் சுவர் வழியே கசிந்து திசுக்களில் தேங்குகிறது. வலி தாங்காமல் உங்கள் அப்பா இரவெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததும் அந்தக் குழாய்களை மேலும் தளர்த்தியிருக்கும்.

தேங்கிய நீரை வடிக்கவேண்டிய வடிகால்தான் நிணநீர்க் குழாய்கள். அவை தோலுக்குச் சற்றுக் கீழே, பைபாஸுக்காக எடுக்கப்படும் நீண்ட சிரையை ஒட்டியே மேலேறி, தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்களில் சேர்கின்றன. சிரையை எடுப்பதற்கும், தொடை இடுக்கிலும் முழங்காலுக்குக் கீழும் தமனியை வெளிப்படுத்துவதற்கும் போட்ட கீறல்களில் அவற்றுள் பல அறுபட்டிருக்கும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இதை முழுவதும் தவிர்க்க முடிவதில்லை. ஆக, வரத்து கூடியிருக்கிறது, வடிகால் குறைந்திருக்கிறது. நிணநீர்க் குழாய்கள் மெல்ல மெல்லப் புதிய வழிகளைக் கண்டுகொள்ளும். நுண்தமனிகளும் சுருங்கும் பழக்கத்தைத் திரும்பப் பெறும். அதற்குத்தான் அந்த மாதங்கள் தேவைப்படுகின்றன.

“காலிலிருந்து குழாயை எடுத்துவிட்டார்களே, அதனால்தானோ?” என்ற கேள்வி வீட்டில் எழுந்திருக்கலாம். காலில் இருந்து மேலேறும் ரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைத் தசைகளுக்குள் இருக்கும் ஆழ்சிரைகள் சுமக்கின்றன. எடுக்கப்பட்ட மேற்சிரை இல்லாமல் அவை சமாளித்துக்கொள்ளும். 1948இல் பாரிஸில் ழான் குன்லின் என்ற அறுவை மருத்துவர் நோயாளியின் சொந்தச் சிரையைக் கொண்டு இந்த பைபாஸை முதன்முதலில் செய்தார். முழங்காலுக்குக் கீழே செல்லும் பைபாஸுக்கு அதைவிடச் சிறந்த குழாய் இன்று வரை கிடைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குச் சரியான குழாயைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

யானைக்கால் என்று அக்கம்பக்கத்தினர் சொல்வதை நான் குறைகூற மாட்டேன். வீடு வீடாக யானைக்கால் மாத்திரை கொடுத்த காலத்தை வடாற்காட்டுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. வீங்கிய காலைப் பார்த்தால் இங்கே முதலில் அந்தப் பெயர்தான் நாவில் வரும். இரண்டிலும் பாதிக்கப்படுவது நிணநீர்க் குழாய்தான் என்றாலும், யானைக்காலில் கொசு பரப்பும் புழு அதை ஆண்டுக்கணக்கில் அடைத்துக் கெடுக்கிறது. உங்கள் அப்பாவுக்கு ஏழு வாரத்துக்கு முன் போட்ட கீறலில் அது அறுபட்டிருக்கிறது. இது தொற்றாது, இந்த மாதிரி வீக்கம் பெரும்பாலும் தானாகவே வடியக்கூடியது. அறுவைக்கு முன்பே அந்தக் காலில் அடிக்கடி நெறிகட்டிக் குளிர்காய்ச்சல் வந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆனாலும், எல்லா வீக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட நான் துணிய மாட்டேன். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்த்தார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதப் பரிசோதனையில் தமனியையும் பைபாஸையும் மட்டும் பார்த்திருக்கலாம். இந்த வாரமே அறுவை செய்த மருத்துவமனைக்குச் சென்று, “சிரைகளையும் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். இந்த அறுவைக்குப் பிறகு வரும் வீக்கத்தில் ரத்த உறைவு காரணமாக இருப்பது குறைவுதான். ஆனால் இருந்தால் அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு. வலி இல்லாமலும் உறைவு இருக்கக்கூடும் என்பதால் கையால் தொட்டுப் பார்த்து நிச்சயம் சொல்ல இயலாது. ஸ்கேனில் வலி எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதோடு, வலது காலையும் பாருங்கள். அந்தக் காலின் கணுக்கால் எலும்புக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் அங்கேயும் குழி விழுகிறதென்றால், இதயம், சிறுநீரகம், ரத்தத்தில் புரதக் குறைவு ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொடாமல் விட்டிருக்கும் என்று சொல்வதற்கில்லை. மாத்திரைகளும் காலை வீங்கச் செய்யும். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின், பாத எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின், சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன் மூன்றும் இதில் பெயர் பெற்றவை. அப்பா இவற்றுள் எதையேனும் உட்கொள்கிறாரா என்று பார்த்து, மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மாற்றித் தருவார், நீங்களாக நிறுத்தவேண்டாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் போன்றவற்றைத் தந்திருந்தால் அவற்றை ஒருவேளைகூடத் தவறவிடக்கூடாது. புதிய குழாய் திறந்திருப்பதற்கு அவை துணை.

இனி அன்றாடக் கவனிப்புக்கு வருகிறேன். காலைத் தூக்கி வைப்பதே முதல் மருந்து. ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் மெத்தென்ற ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்து, குதிகால் எதன்மீதும் அழுந்தாமல் தலையணையின் விளிம்புக்கு வெளியே நிற்கும்படி செய்யுங்கள். பாதம் இதயத்தின் மட்டத்துக்கோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் போதும். மூன்று தலையணை அடுக்கி உயர்த்தினால், மேடாகிவிட்ட பாதத்துக்கு ஏறிச் செல்லும் ரத்தம் குறையக்கூடும்; தூக்கி வைத்தபோது பாதம் வெளிறினாலோ வலித்தாலோ உடனே இறக்கிவிட்டு மருத்துவருக்குச் சொல்லவேண்டும். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணையைத் திணிப்பது கூடாது. புதிய குழாய் அந்த மடிப்பைக் கடந்துதான் கீழே போகிறது. சர்க்கரை நோயாளிக்குக் குதிகாலில் வரும் அழுத்தப் புண் கட்டைவிரல் புண்ணைவிடப் பிடிவாதமானது என்பதால்தான் குதிகாலைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். பகலில் மூன்று நான்கு முறை அரை மணி நேரமும், இரவு முழுவதும் இப்படிப் படுத்திருக்கட்டும்.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை, பாதத்தை முன்னும் பின்னும் இருபது முப்பது தடவை அசைக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை இறுகும்போதும் சிரையில் உள்ள ரத்தத்தையும் நிணநீரையும் மேலே தள்ளுகிறது. நடப்பதும் இதையே செய்கிறது: ஒரே நடையாக ஒரு மணி நேரம் நடப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு ஐந்தாறு முறை நடப்பது இந்தக் காலுக்கு நல்லது. வீங்குகிறதே என்று பயந்து நடையை நிறுத்திவிடக்கூடாது. அசையாமல் நிற்பதும், காலைத் தொங்கவிட்டு உட்கார்வதும்தான் கெடுதல். சம்மணமிட்டுச் சாப்பிடுவதையும் குந்தி உட்கார்வதையும் இப்போதைக்குத் தவிர்த்து, நாற்காலியில் அமர்ந்து, எதிரே ஒரு முக்காலியில் காலை நீட்டி வைத்துக்கொள்ளட்டும்.

தறிக்கு எப்போது போகலாம் என்ற கேள்வியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். உங்கள் வீட்டில் இருப்பது குழித்தறியாக இருந்தால், அதில் உட்கார்வதென்பது இரண்டு காலையும் குழிக்குள் தொங்கவிட்டு, முழங்காலை மடித்து, தொடையின் பின்புறம் குழியின் விளிம்பில் அழுந்த மணிக்கணக்கில் இருப்பதாகும். மிதியை அழுத்தும்போது கெண்டைக்கால் வேலை செய்கிறது என்பது நல்லதுதான். மற்ற எல்லாமே இந்தக் காலுக்கு எதிரானவை. ஆனாலும் வாழ்நாளெல்லாம் நெய்தவரை, நெய்யாதே என்று சொல்வது எனக்கு எளிது. உங்கள் குடும்பத்துக்கு எளிதல்ல என்பதை அறிவேன். ஆகவே என் யோசனை இது: மூன்று மாதம் முடியும் வரை அவர் குழியில் இறங்கவேண்டாம். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது போன்ற வேலைகளை முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு செய்யட்டும். மூன்றாம் மாத ஸ்கேனில் குழாய் நன்றாக இருக்கிறது, காயங்கள் முழுவதும் ஆறிவிட்டன என்று மருத்துவர் சொன்ன பிறகு, அரை மணி நேரம் நெய்து, எழுந்து பத்து நிமிடம் நடந்து, மறுபடி உட்காரலாம். விளிம்பில் கனமான மெத்தை ஒன்று போடுங்கள். மாலையில் கால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்து அந்த நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

ஸ்டாக்கிங்ஸ் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. அத்தைக்கு இருப்பது சிரை நோய். அவர் காலுக்குள் வரும் தமனி ரத்தம் நன்றாக இருக்கிறது, ஆகையால் அழுத்திக் கட்டுவது அவருக்குச் சிகிச்சை. உங்கள் அப்பாவின் கால் தமனி நோயிலிருந்து மீண்டு வரும் கால். கணுக்கால் ரத்த அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழோ, விகிதம் 0.5க்குக் கீழோ இருக்கும் காலை இறுக்கிக் கட்டினால் தோல் செத்துப் புண்ணாகிவிடும். அப்பாவின் விகிதம் 0.9 தானே என்று கேட்பீர்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயில் தமனியின் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போவதால், கருவி காட்டும் எண் உண்மையைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு; அதனால் கால்விரலின் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் நாங்கள் முடிவெடுப்போம். மேலும், சிலருக்குப் புதிய குழாய் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடும்; மேலே சுருண்டு கயிறாகிவிட்ட ஒரு ஸ்டாக்கிங்ஸ் விளிம்பு அதை அப்படியே நெரித்துவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தோல் தொழிலாளி என்னிடம் வந்தார். பைபாஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர். வீக்கம் குறையட்டும் என்று வீட்டில் அன்போடு கிரேப் பேண்டேஜை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் சுற்றி, அப்படியே உறங்கவிட்டிருக்கிறார்கள். விடிந்தபோது பாதம் சில்லிட்டிருந்தது. குழாயில் உறைந்த ரத்தத்தை எடுத்தோம், காலைக் காப்பாற்றினோம், இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டிவிட்ட அவருடைய மனைவியின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அவர்மீது எந்தத் தவறும் இல்லை. கட்டக்கூடாது என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே யாராவது அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

அழுத்தக் கட்டு எப்போதுமே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. காயம் ஆறி, விரல் அழுத்தமும் ஸ்கேனும் திருப்தியாக இருந்தால், குறைந்த அழுத்தமுள்ள, காலை அளந்து வாங்கிய ஸ்டாக்கிங்ஸை உங்கள் அறுவை மருத்துவரே எழுதித் தருவார். அதைக் காலையில் எழுவதற்கு முன் போட்டு, இரவில் கழற்றிவிட்டு, ஒவ்வொரு நாளும் தோலைப் பார்க்கவேண்டும்.

நீர் மாத்திரை ஏன் வேண்டாம் என்றால், இந்த வீக்கம் உடம்பில் உப்பும் நீரும் மிகுந்ததால் வந்ததல்ல. மாத்திரை ரத்தக்குழாய்க்குள் இருக்கும் நீரைத்தான் வற்றச் செய்யும், காலில் தேங்கியது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். தலைசுற்றல் அதனால்தான். ரத்தம் கெட்டிப்பட்டு அழுத்தம் இறங்குவது புதிய குழாய்க்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது. கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கத்தில் அது இன்னும் ஆபத்து. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் அளவு சொல்லியிருந்தாலன்றி, தண்ணீரைக் குறைக்கவேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறையுங்கள். முட்டை, பருப்பு, மீன் ஆகியவை போதுமான அளவு இருக்கட்டும்.

வெந்நீர் ஒத்தடமும், எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் வேண்டாம். முதலாவது, சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த பாதத்தைச் சுட்டுவிடும். இரண்டாவது, உறைந்த ரத்தம் இருந்தால் அதைப் பெயர்த்துவிடக்கூடும். வீங்கிய தோல் எளிதில் வெடிக்கும். வெடிப்பு வழியே கிருமி நுழையும். தினமும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை மெல்லிய துணியால் ஒற்றி, காயமில்லாத இடங்களில் மட்டும் தேங்காய் எண்ணெயை இலேசாகத் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். தொடை இடுக்குக் காயத்திலிருந்து தெளிந்த இளமஞ்சள் நீர் கசிந்து துணியை நனைத்தால், அது நிணநீராக இருக்கலாம். வலியில்லை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும், ஏனெனில் அதன் வழியே பைபாஸ் குழாய்க்கே தொற்று போகக்கூடும்.

பீடிப் பழக்கம் “உண்டு” என்று எழுதியிருக்கிறீர்கள். “இருந்தது” என்று எழுதவில்லை. அதைக் கவனித்தேன். புகைப்பதைத் தொடர்பவர்களின் பைபாஸ் அடைத்துப்போகும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய மும்மடங்கு. குடியாத்தத்தில் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றித்தான் குடும்பம் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், இலையும் தூளும் இருக்கும் முறத்தை அப்பா படுக்கும் அறையில் வைக்காமல் இருப்பதுகூட அவருக்குப் பெரிய உதவி. ஒரே நாளில் விட முடியவில்லை என்றால் நிக்கோட்டின் சூயிங்கம், மாத்திரை ஆகியவை உண்டு, கேட்கத் தயங்கவேண்டாம்.

திருவிழா பற்றி: சிரசு ஊர்வலத்தோடு நடப்பதும், கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்பதும், வெயில் காய்ந்த சாலையில் செருப்பில்லாமல் போவதும் இந்த ஆண்டு கூடாது. சுடுவது தெரியாத பாதத்தில் தார்ச்சாலை ஏற்படுத்தும் கொப்புளம், விரலை இழந்த காலை மறுபடி அறுவை அறைக்குக் கொண்டுவந்துவிடும். ஊர்வலம் போகும் தெருவில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு, காலை முக்காலியில் நீட்டியபடி அம்மனைத் தரிசிக்கட்டும். ஸ்கேன் நன்றாக இருந்தால் அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

பாதம் திடீரென்று சில்லிட்டு வெளிறினாலோ, மரத்துப்போனாலோ, பழைய இரவு வலி திரும்பினாலோ, விடியும்வரை காத்திருக்கக்கூடாது. குழாய் அடைத்துக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்வதுதான் காலைக் காக்கும். கெண்டைக்கால் ஒரே நாளில் விம்மிக் கல்லாக இறுகி வலித்தாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ, தொடை இடுக்கில் ரத்தம் கசிந்தாலோ 108ஐ அழையுங்கள். ரத்தம் வந்தால் வண்டி வரும்வரை சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். காய்ச்சலோடு கால் சிவந்து சூடானாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. தையல் நாடா ஒன்றை எடுத்து, முழங்கால் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தினமும் காலையில் எழுந்தவுடன், நடப்பதற்கு முன், இரண்டு காலையும் அதே இடத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். குடியாத்தத்திலிருந்து பேருந்தில் காலைத் தொங்கவிட்டு வந்து சேரும்போது எங்கள் கண்ணுக்குத் தெரியும் வீக்கம் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். நீங்கள் வீட்டில் காலை வேளையில் எடுத்த அளவுதான் எங்களுக்கு உதவும். இந்த வாரம் ஸ்கேனுக்குப் போகும்போது நோட்டையும், எல்லா மாத்திரை அட்டைகளையும், மருந்துக்கடையில் வாங்கிய அந்த நீர் மாத்திரையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.